மூன்றுக்குக் கால் சுற்று குறைவு

பிரேசர் டவுன் ஷெட்டின் தகரக் கூரை ஓட்டை வழியே மதிய வெயில் ஒரு காசு அளவுக்கு இறங்கி, சிவப்பு அமெரிக்கக் காரின் பின்பக்கத்தில் நிற்கிறது. ஒரு பின்சக்கரம் ஜாக்கியில்; மற்றது தரையில். அடியில் கோணி விரித்துப் படுத்திருக்கிறாள் ஸ்டெல்லா. இன்ஜினிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்டில் அவள் போட்ட சாக்பீஸ் கோடு டார்ச் வெளிச்சத்தில் பளிச்சிடுகிறது. அவள் கணவன் பெஞ்சமினுக்குப் பந்தயத்தில் சீறும் கியர்மேல் ஆசை. அவளுக்கு, இன்ஜின் அலறாமல் வேளாங்கண்ணிவரை போகும் கியர். எதைப் போட்டான் என்று சொல்லாமலே ஆக்சிலை மூடினான். அந்த மாதமே இறந்துபோனான். “சக்கரம் ஒரு சுத்து சுத்தினா, ரேஸ் கியர்னா ஷாஃப்ட் நாலு சுத்துக்கு மேல சுத்தும், பெரிய சக்கரம் வேணும். ரோட்டு கியர்னா மூணுக்குள்ள, பழைய பதினாலு இஞ்ச் சக்கரமே போதும்,” என்றபடி மெக்கானிக் சாதிக் பாய் ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றுகிறார். “எத்தனைக்கா?” “ஒண்ணரைகூட வரல பாய்.” “அரே, அப்படி ஒரு கியரே கெடையாதே! என்னைமாதிரி அம்பாசடர் மெக்கானிக்கிட்ட அமெரிக்கா வண்டிய குடுத்தா இதான்.” ஸ்டெல்லா யோசிக்கிறாள். பெஞ்சமின் இப்படிப் பார்க்கும்போது சக்கரத்தை எப்போதும் இரண்டு முறைதான் சுற்றுவான். “பாய், ஒரு சக்கரம் தரையில இருக்கில்ல? அப்ப ஷாஃப்ட் பாதிதான் சுத்தும். சக்கரத்த ரெண்டு சுத்து சுத்தணும்.” சக்கரம் மறுபடி முனகுகிறது. வெள்ளைக் கோடு மேலேறி மறைகிறது, வருகிறது, மறைகிறது, வருகிறது. மூன்றாவது முறை பழைய இடத்துக்கு வரக் கால் சுற்று இருக்கையில் நின்றுவிடுகிறது. ஸ்டெல்லா டார்ச்சை அணைக்கிறாள். “அக்கா? என்னாச்சு?” “மூணுக்குள்ளதான். பதினாலு இஞ்சே வாங்குங்க பாய். வண்டி வேளாங்கண்ணிக்குத்தான் போகுது.”