கிண்ணத்தை அங்கால வையுங்கோ

"கிண்ணத்தை அங்கால வையுங்கோ, சிவமணி. கண்ணைக் குத்துது."

வரதராசா மூன்றாவது தடவையாக இப்படிச் சொன்னதும் மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"இன்னும் கைக்கே வரேல்லை, அதுக்குள்ள குத்துதாமே!" என்று யாரோ கிண்டலடித்தார்கள்.

கண்டியில் ஒரு சங்கம் நடத்திய 'முன்னூற்று நாலு' என்ற சீட்டாட்டப் போட்டி. இறுதியாட்டம். பிலிமத்தலாவையில் சொல்லிச் செய்வித்த பித்தளை வெற்றிக்கிண்ணம், எதிரணிக் கௌசிகனின் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் பளபளவென்று நின்றது.

"அண்ணை, கிண்ணம் தந்தவை அது படத்திலை விழவேணும் எண்டவை. அசைக்கேலாது," என்றார் நடுவர் சிவமணி.

"அப்ப நான் இடம் மாறி இருக்கட்டே?"

"குலுக்கிப் போட்ட இடம். மாறினா விதிமீறல்."

சிவமணிக்கு விதி என்றால் விதிதான். போடும்போது ஒரு சீட்டு மல்லாந்து விழுந்தால் போதும், எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து போடச் சொல்லுவார். சற்று முன் கௌசிகனின் கூட்டாளியான அவன் மாமனார், ஏலத்தில் தன் முறை வருமுன்பே வாய் தவறி "நூற்றெண்பது" என்று கேட்டுவிட்டார். "கேட்டது கேட்டதுதான். அவ்வளவு புள்ளி எடுக்காட்டித் தோல்வி," என்று மனுஷனைச் சிக்க வைத்துவிட்டார் சிவமணி.

வரதராசாவுக்கு எதிரே அவருடைய கூட்டாளி றஞ்சனா. மனைவியின் தங்கை, வங்கியில் வேலை. அவள் இறுதிவரை வந்து வந்து கோட்டைவிட்ட கிண்ணம் இது. அடுத்த மாதம் மன்னாருக்கு இடமாற்றம். இந்த முறை இல்லையென்றால் அவளுக்கு இனி இல்லை.

அன்று இரண்டாவது ஆட்டத்தில் துணிந்து இருநூற்றிருபது கேட்டு வென்றிருந்தாள். மண்டபமே கைதட்டியது. கௌசிகன்கூட எழுந்து கைகொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் வரதராசாவுக்கு இந்தக் கண் குத்தல் வந்தது. கிண்ணத்தை அசைக்க முடியாது என்றதும் தலையைக் குனிந்தவர்தான், பிறகு நிமிர்ந்ததே அபூர்வம்.

"அத்தான், ஒருக்கா நிமிந்து இருங்கோவன்! நித்திரையே?"

"இல்லைப் பிள்ளை, நீ விளையாடு."

சீட்டுப் போடும் முறை அவருக்கு வந்தது. குனிந்தபடியே போட்டதில் கௌசிகனுக்கு எட்டுக்குப் பதிலாக ஒன்பது சீட்டுப் போய்விட்டது.

"ஒன்பது! கலையுங்கோ!" சிவமணிக்கு ஏக சந்தோசம். றஞ்சனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கையில் இருந்தவை அத்தனையும் அருமையான சீட்டுகள்.

கடைசி ஆட்டம். இரு பக்கமும் சமநிலை. கௌசிகன் இருநூறு கேட்டு, மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்புச் சீட்டைக் கையிலிருந்து உருவினான்; அந்நேரம் வரதராசா தன்னையறியாமல் ஒருதரம் நிமிர்ந்து, உடனே குனிந்துகொண்டார். அவன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். துரும்பு என்னவென்று அவனைத் தவிர எவருக்கும் தெரியக்கூடாது. ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

வரதராசா கொஞ்சம் யோசித்தார். பிறகு இந்த ஆட்டத்தில் ஆகப் பெரிய சீட்டான ஜாக்கைத் தன் கையிலிருந்து எடுத்து நடுவில் வைத்தார்.

கௌசிகன் துரும்பால் வெட்டினான். ஆட்டம் முடிந்தது.

"கொண்டுபோய்க் குடுத்திட்டியளே, அத்தான்!" றஞ்சனா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அந்த ஜாக்கை இப்பவே போடோணுமே? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தா ஆட்டம் எப்பிடி விளங்கும்? உங்களோடை கூட்டுச் சேந்தன் பாருங்கோ, என்னைச் சொல்லோணும்!"

"பிழைதான் பிள்ளை," என்றுவிட்டு வரதராசா தேத்தண்ணி எடுக்கப் போனார்.

அவளுக்கு அங்கே நிற்கவும் வெட்கமாக இருந்தது, வெளியே போகவும் மனமில்லை. வரதராசா இருந்த கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

"படத்துக்கு ஒருக்கா விளையாடுற மாதிரிக் காட்டுங்கோ!" என்றார் படம் எடுப்பவர். கௌசிகன் தன் இடத்தில் இருந்து, வென்ற சீட்டுகளை விரித்துப் பிடித்தான்.

றஞ்சனா நிமிர்ந்தாள். அவன் தோளுக்கு மேலே கிண்ணம் தெரிந்தது. கிண்ணத்தின் வயிற்றில் அவன் கைச் சீட்டுகள் ஒவ்வொன்றும் சிவப்பும் கறுப்புமாகத் தெளிவாகத் தெரிந்தன. அவள் முன்பு இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் பித்தளைதான்.

வரதராசா இரண்டு கோப்பைகளோடு வந்தார்.

"அத்தான்..." அவள் கிண்ணத்தைக் காட்டினாள். "துரும்பு என்னெண்டு தெரிஞ்சுமா அந்த ஜாக்கைப் போட்டனீங்கள்?"

"தெரியாட்டி அதைத்தானே போட்டிருப்பன்."

"ஏன் வாய் திறந்து சொல்லேல்லை? சிவமணி அண்ணை உடனை கிண்ணத்தை எடுத்திருப்பாரே!"

"எடுத்திருப்பார். நீ இருநூற்றிருபது கேட்டு வெண்டதுகூட நான் பாத்து உனக்குக் கண் காட்டினதாலை எண்டு எல்லாரும் சொல்லியிருப்பினம். கிண்ணம் போனாப் போகட்டும் பிள்ளை, அந்தக் கைதட்டு உன்ரை."