எதில் ஏறுவது
போடியில் புதிதாகத் திறந்த உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில், மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை நீளமாகப் போட்டிருக்கிறது. ஏலத்தோட்டத்து ஆட்களைப் போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏற்றிப்போகும் ராக்கையா மூன்று மெஷின்களுக்கு முன்னால் நிற்கிறார். போன மாதம் கொண்டை ஊசி வளைவில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. தினமும் லேசாகப் பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார். அவர் கை, மேலே ஏறி நடக்கிற ஓடும் பெல்ட்டின் பக்கம் போகிறது. மனைவி சந்திரவல்லி தடுக்கிறாள். “இதுலருந்து விழுந்தா எம்புட்டு அடிபடும் தம்பி?” என்று கூடத்துக்காரர் காமராஜிடம் கேட்கிறாள். அவர் பதில் சொல்வதற்குள், தரையோடு தாழ்ந்திருக்கும், உட்கார்ந்து துடுப்புப் போடுவதுபோல் இழுக்கிற மெஷினைக் காட்டுகிறாள். “இது போதும். விழுந்தாலும் தரைதான்.” காமராஜ் தயங்குகிறார். “அதுதான்க்கா நெஞ்சுக்குச் செரமம். புதுசா வர்றவுகளுக்குச் சைக்கிளுதான் லேசு.” சைக்கிளின் சீட்டு அவள் இடுப்புயரம் இருக்கிறது. அவள் அதையும் கீழே சிமெண்டுத் தரையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ராக்கையா ஏறி உட்காருகிறார். அவள் பின்னால் போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறாள். எடை தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். “விடு புள்ள, சிரிக்கப் போறாய்ங்க.” அவள் விடுவதாயில்லை. பெடல் கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. சட்டை முதுகோடு ஒட்டி ஈரமாகிறது. அவர் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்கிறது. நிறுத்தச் சொல்லலாமா என்று காமராஜைப் பார்க்கிறாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ராக்கையா திரும்பாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறார்: “நல்லாப் புடிச்சுக்க, வல்லி.”