மாப்பிள்ளையின் குணம்

பெங்களூரிலிருந்து வந்திருந்த வருங்கால மாப்பிள்ளை கார்முகில், கூடத்தில் மகள் இளமதியிடம் பேசுவது அடுப்படியில் இருந்த கனகாவின் காதில் விழுந்தது.

"நான் எந்தச் சட்டத்துக்கும் அடங்காத கெட்டவன். ஒரு ஊரையே கொளுத்திட்டு வந்திருக்கேன்."

"நான் சட்டத்த மீறாத நல்லவ. ஒங்கள வுடமாட்டேன்."

கனகா கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "இந்தக் கல்யாணமே வேணாம்!"

இருவருக்கும் நடுவே, இளமதி வேலை செய்யும் சூளையில் சுட்டெடுத்த பீங்கான் பகடை கிடந்தது.

"ஐயோ அம்மா, இது கதையில வர்ற ஆளுங்களா நடிக்கிற வெளாட்டு. நல்லவங்களா கெட்டவங்களான்னு மொதல்ல முடிவு பண்ணிக்கணும். அப்புறம் அந்தக் குணப்படியே நடக்கணும்."

கனகாவின் முகத்தில் அசடு வழிந்தது.

"நீங்களும் ஆட வாங்க அத்தை. நல்லவங்கதானே?" என்றான் கார்முகில்.

கனகா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கெட்டவள்னே போடுங்க மாப்ள. இந்த வூட்டுல நல்லவளா இருந்து இருந்து அலுத்துப்போச்சு."