கசார் மன்னனும் சனிக்கிழமையும்

"அம்மா, அரசன் வேதம் மாறினா சனமும் மாற வேணுமோ?"

ஏழு வயதில் லவினியா கேட்ட கேள்வி. அன்று சிரித்த மக்டலீனுக்கு இன்று அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஜெர்மனியின் எசன் நகரில் பிறந்து வளர்ந்த மகள் இப்போது சரித்திரம் படிக்கிறாள். யூத சமயத்தைத் தழுவியதாகச் சொல்லப்படும் கசார் என்ற பழைய இனத்தின் மன்னன் ஒருவனையும், அவனுடைய நாட்டில் எழுந்த கலகத்தையும் பற்றி ஆய்வு. மேசை நிறைய எபிரேய எழுத்து. சனிக்கிழமை தவறாமல் அடுத்த தெருவில் ஒரு யூதக் கிழவியின் வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

"அங்கை என்னடி வேலை?"

"ஒரு சின்ன வேலையம்மா."

அந்தக் கலகம் சமயத்தால் வந்ததா, பதவியாசையால் வந்ததா என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாதாம். தன் வீட்டுக் கலகத்தின் காரணம் மக்டலீனுக்கு நன்றாகத் தெரிந்தது. பிள்ளை வேதம் மாறிவிட்டாள்!

இந்தச் சனிக்கிழமை லவினியாவுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். அப்படியும் எழுந்து சப்பாத்தைக் காலில் மாட்டினாள்.

"பேசாமல் கிட. வர ஏலாது எண்டு போன் அடிச்சுச் சொல்லன்."

"அவா இண்டைக்குப் போன் எடுக்கமாட்டா அம்மா."

"அதென்ன அப்பிடியொரு மனிசி? நீ கிட, நான் போறன்."

சட்டைப்பைக்குள் செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி மக்டலீன் போய்க் கிழவியின் கதவைத் தட்டினாள். திறந்த கிழவி, திருமதி ரோசனுக்கு, எண்பது வயதுக்கு மேலிருக்கும். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். மார்கழி மாலை, உள்ளே இருட்டு, ஐஸ் போலக் குளிர்.

சண்டைக்கு வந்தவளுக்கு மனம் கேட்கவில்லை. விளக்கைப் போட்டாள். ஹீட்டரைப் போட்டாள். கிழவியைக் கதிரையில் இருத்திப் போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

பிறகுதான் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. என்ர பிள்ளையை உங்கட சமயத்துக்கு மாத்திப்போட்டீங்களோ?"

கிழவி திகைத்தார். பிறகு பொக்கை வாயால் சிரித்தார்.

"அவளின்ர படிப்புக்கு எபிரேயம் சொல்லிக் குடுத்தனான். அதுக்குக் கைம்மாறா ஒரேயொரு உதவிதான் செய்யிறாள்."

"என்ன உதவி?"

"நீங்கள் இப்ப செய்ததுதான். சனிக்கிழமை எங்கட வேதத்திலை ஓய்வுநாள். அண்டைக்கு யூதர் நாங்கள் விளக்கு, ஹீட்டர் எந்தச் சுவிட்சும் தொடமாட்டம்."

மக்டலீன் தான் போட்ட விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்கட மகள் மாறியிருந்தா, அவளும் தொட ஏலாதே, பிள்ளை!"