அப்பாவின் அட்டை

குழந்தைகள் காப்பகத்து வேனுக்கு ஓட்டுநர் கிடையாது. காப்பகம் கொடுத்த அப்பாவின் அடையாள அட்டை எங்கே அசையாமல் நிற்கிறதோ, அங்கே போய்க் கதவைத் திறந்து பிள்ளையை இறக்கிவிடும்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தருணுக்கு அதுதான் தொல்லை. மூன்று மணிக்கே மகள் ஆதிராவைக் கொண்டுவந்து விட்டால், ஐந்து மணிவரை நீளும் மீட்டிங்கில் எப்படி உட்காருவது? அவன் மனைவி ஹரிணி மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகர். நாளெல்லாம் ஓடும் ரயிலில்தான் இருப்பாள். எனவே அவளுக்குத் தெரியாமல் தன் அட்டையை அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் போட்டு அனுப்பிவிடுவான். அட்டை ஓடிக்கொண்டே இருக்கும். வேனும் அவள் வீடு திரும்பும்வரை காத்திருக்கும்.

இன்று ஐந்தேகாலுக்கு ஹரிணி வெறுங்கையோடு படியேறி வந்தாள்.

"ஒரே தலைவலிங்க. சாப்பாட்டுப் பையை ரயில்லயே விட்டுட்டு இறங்கிட்டேன். வண்டி இந்நேரம் ஷெட்டுக்குப் போயிருக்கும், நாளைக்கு வாங்கிக்கலாம்."

தருண் போனை எடுக்கப் பாய்ந்தான். அதற்குள் அது கிணுகிணுத்தது.

'ஆதிரா, வயது மூன்று. தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டாள். இடம்: ரயில் பணிமனை, ஏழாவது தண்டவாளம்.'

ஹரிணி எட்டிப் பார்த்தாள். அவள் அலறலுக்கு நடுவே அவன் காப்பகத்தின் உதவி எண்ணை அழுத்தினான்.

"புள்ள தண்டவாளத்துல தனியா நிக்குதுங்க! வேனைத் திருப்பி அனுப்புங்க!"

மறுமுனையில் இயந்திரக் குரல் கனிவாகச் சொன்னது:

"பதறாதீங்க சார். குழந்தை உங்க பக்கத்துலதான் நிக்குது."