திரை ஒன்றும் கிடைக்கவில்லை

திரை ஒன்றும் கிடைக்கவில்லை என்று கம்பியூட்டர் மறுபடியும் சொன்னது.

என் மூக்குக்கு முன்னால் இருக்கிற திரையில்தான், வெள்ளை எழுத்தில், இங்கிலீஷில், அதை எழுதிக் காட்டியது. கம்பியூட்டரை ஓட்டுகிற லினக்ஸுக்கு வெட்கம் கிடையாது.

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். இப்போது முடியவில்லை. அம்மாவைக் காணவில்லை.

வெள்ளவத்தையில் மஷூரின் சாரிக்கடை அது. கடையின் கமராக்கள் எல்லாம் ஸ்டோர் அறையில் உள்ள இந்த ஒரு கம்பியூட்டர் பெட்டியில்தான் ஓடுகின்றன. திரைக்குப் படம் அனுப்புகிற பழைய கிராபிக்ஸ் கார்ட் எரிந்துபோனதால் புதிதாக ஒன்றைப் போட வந்தேன். போட்டேன். பெட்டி எழும்பியது, படம் மட்டும் எழும்பவில்லை. கறுப்பில் நாலு வரி எழுத்து, அவ்வளவுதான்.

அம்மாவைக் கொட்டாஞ்சேனை வீட்டில் தனியே விட்டுவிட்டு வர முடியாது. அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே குசினி எங்கே என்று கேட்கிற மறதி. அதனால் வேலைக்குப் போகிற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போவேன். இன்றைக்கும் எனக்குப் பின்னால், சாரிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கதிரையில் இருத்தியிருந்தேன். பட்டிஸ் ஒன்றைத் தின்றுவிட்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

பிறகு நான் திரும்பிப் பார்த்தபோது கதிரை மட்டும் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. கடைக்குள் கால் வைக்க இடமில்லை, யார் வந்தார் யார் போனார் என்று யாருக்குத் தெரியும்? யாரோ வயதான பெண் கடைக்கு முன்னால் ஓடுகிற காலி வீதியைக் கடந்து போனதைக் கண்டதாகக் கல்லாவில் நின்ற சஹ்லா சொன்னாள். அது அம்மாதானா என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. எல்லாரும் அந்தப் பக்கமே ஓடினோம். பஸ் நிற்கிற இடம், மார்க்கெட் வாசல், நகைக்கடைப் படிகள். எங்கேயும் இல்லை.

மஷூர் மூச்சு வாங்க வந்தார்.

"ஜெனிஸ்டன், நீங்க ஓடாதீங்க, நாங்க தேடுறோம். கமராவப் பாருங்க. எந்தப் பக்கம் போனாங்கண்டு தெரிஞ்சாப் போதும், புடிச்சிரலாம்."

கமராவைப் பார்ப்பதாம். காலையிலிருந்து நான் வேறென்ன செய்கிறேன்!

பதிவு நிற்கவில்லை, அதுதான் கொடுமை. செத்தது திரை மட்டுமே. அம்மா எழும்பியதும் போனதும் இந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. போனுக்கு மாற்றிப் பார்க்கலாமென்றால், இதே பெட்டியின் கமரா மென்பொருளைத் தவிர வேறெதுவும் அதைத் திறக்காது.

திரைச் சேவையை நிறுத்தி மறுபடி தொடக்கினேன். கறுப்பு.

கார்டுக்கான டிரைவர் மென்பொருளைக் கழற்றிப் புதிதாக ஏற்றினேன். கறுப்பு.

கொச்சிக்கடை அந்தோனியாரைக் கூப்பிட்டேன். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர். இனி ஒரு செவ்வாய்க்கிழமையும் கோயிலுக்கு வரத் தவறமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தொடக்கினேன். அப்போதும் கறுப்பு.

பின்பக்கத்தில் ரயில் ஒன்று நீளமாக ஊதிக்கொண்டு போனது. கடையின் பின்கதவைத் திறந்தால் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை, ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம். இல்லை, அம்மா முன்பக்கம்தான் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிழைப் பதிவை மேலிருந்து கீழே மறுபடியும் வாசித்தேன். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தேன்.

அப்போதுதான் கண்டேன். பெட்டி இன்னமும் எரிந்துபோன கார்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கார்டைப் பாவிக்கச் சொல்லி ஒரு கோப்பு உள்ளே கிடக்கிறது. எழுதி வைத்த புத்திசாலி நான்தான். அதை அழித்தேன். தொடக்கினேன்.

திரை ஒருமுறை சிமிட்டியது. சின்னச் சின்னச் சதுரங்களாகக் கடை முழுவதும் விரிந்தது. நான் சத்தமாகவே அழுதுவிட்டேன்.

ஸ்டோர் அறைக் கமராவைப் பெரிதாக்கிப் பின்னுக்கு ஓடவிட்டேன்.

அம்மா கண் விழிக்கிறார். பெட்டிகளைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார். முகத்தில் பயம். எழும்பி வந்து, கீபோர்டில் கவிழ்ந்து கிடக்கிற ஆளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். குனிந்து அவன் முகத்தை நன்றாகப் பார்க்கிறார். ஏதோ கேட்கிறார்.

அந்த ஆள் தலை நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கிப் பின்கதவைக் காட்டுகிறான்.

கமராவில் சத்தம் கிடையாது. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பெண் பக்கத்தில் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டாள். கழிவறை எங்கே என்று காலையிலிருந்து ஆளுக்கு ஆள் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கும் பின்பக்கம் கையைக் காட்டியே பழகிவிட்டது.

அம்மா சிங்களம் கதைப்பது வெளியாட்களோடு மட்டும். கண்டக்டர், கடைக்காரர், பொலிஸ். என்னோடு ஒரு நாளும் கதைத்ததில்லை.

"மாத்தயா, மகே புத்தா கோ?"

ஐயா, என் மகன் எங்கே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

திரையில் அம்மா அந்த ஆளுக்குத் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டு, சாரித் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்கதவால் இறங்கினார்.

மஷூர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எந்தப் பக்கம்? சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

"நான் காட்டின பக்கம்" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.