நாலாவது குளம்பு

கூண்டைத் திறந்ததும் கோழிகள் ஓடிவந்து சின்னக்கருப்பனைச் சுற்றிக்கொண்டு, அவருக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தன.

பின்னால் வேலிதான் இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியிலும் திருநகரில் மகன் வீட்டிலுமாக ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. காலையில்தான் சோழவந்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். வேட்டியைக்கூட மாற்றவில்லை.

ஆடு கோழிகளைப் பக்கத்துத் தோட்டத்துச் சோலையிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். சோலை சொன்ன சொல் தவறாதவன். பார்த்துக்கொள்கிறேன் என்றான், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் பார்த்தான். அவ்வப்போது ஆட்டுக்கு ஒரு கட்டுக் குழையை வேலிக்கு மேலாக வீசியதும் உண்டு.

கூண்டுக்கு அடியில் எரு முழங்கால் உயரம் ஏறிக் கிடந்தது. அதில் ஒரு தக்காளி முளைத்து, காய்த்து, பழுத்து, அந்தப் பழத்தைத் தின்ற கோழி அதே இடத்தில் மறுபடி விதைத்தும் வைத்திருந்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எருவை அள்ளிக் கொட்டினார். தண்ணீர்த் தொட்டியில் பாசியைச் சுரண்டினார். அடைக்கோழியைத் தூக்கிப் பார்த்தார். அது இத்தனை நாளும் ஒரு கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது.

கல்லை எடுக்கவில்லை. கோழியைத் திரும்ப அதன் மேலேயே வைத்தார்.

கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அவர் சும்மா கூடப் போய்க்கொண்டிருந்தார்.

கடைசியில் கிடாய்.

அந்தக் கருங்கிடாயை வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. ஒரு கல்யாண பிளக்ஸில் மாப்பிள்ளையை மட்டும் காலிலிருந்து தலை வரைக்கும் தின்றுவிட்டு, பெண்ணின் மேல் பல் படாமல் விட்ட கிடாய். பெண் வீட்டார் மறுபடியும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடியதாகப் பேச்சு.

அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் துணி.

ஒச்சாயியை மதுரைக்கு ஏற்றிப்போன அன்று, ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் கட்டியது. கண்மாய்க்கரைக் கருப்பசாமியிடம் பேச்சு சுருக்கமாகத்தான் நடந்தது. என் பெண்டாட்டியைப் பிழைக்க வைத்துவிடு, கிடாய் உனக்கு. கருப்பு பதில் சொல்லவில்லை. எப்போதும் அப்படித்தான்.

குட்டியிலேயே தாய் செத்துப்போக, ஒச்சாயி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாய் அது. பிழைத்து வந்து விஷயம் தெரிந்தால் ஊரே கூடும்படி சண்டைக்கு நிற்பாள். அந்தச் சண்டையைத்தான் அவர் மதுரை போகிறவரை நினைத்துக்கொண்டு போனார்.

கிடாயின் உடம்பெல்லாம் சேறும் புழுக்கையும் அப்பியிருந்தது. ஒரு வாளித் தண்ணீரை முதுகில் ஊற்றினார்.

கிடாய் தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

"அடி சக்க! சாமி உத்தரவு குடுத்துருச்சு மாமா!"

வேலியோரம் மொபெட்டில் அழகுபாண்டி. ஊர் ஊராகப் போய் ஆடு பிடிக்கிற வாடிப்பட்டி வியாபாரி. வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள்; கிடாய் சிலுப்பினால்தான் சாமிக்குச் சம்மதம்.

அழகுபாண்டி பேரம் பேசாமல் எதையும் வாங்கியதில்லை. ஆயுள் எண்பது என்று சொன்ன ஜோசியக்காரனிடம் மேலே அஞ்சு போட்டுக் கேட்டு வாங்கியவன். இந்தக் கிடாய்க்கும் வருஷக்கணக்காக நாயாய் அலைந்தான். மஞ்சள் துணியைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினான். சாமிக்கு நேர்ந்ததை விலைபேசினால் குடும்பம் விளங்காது.

"அக்கா தேறிட்டாகளா? கெடா வெட்டு எப்ப? எலை போடுறப்ப என்னைய மறந்துறாதீக மாமா, நெஞ்செலும்பு எனக்கு."

"இருடா மாப்ள, நகம் வளந்து கெடக்கு."

சின்னக்கருப்பன் உள்ளே போய் அந்தப் பழைய பாக்குவெட்டியைத் தேடி எடுத்து வந்தார். குளம்பு வெட்டுவது ஒச்சாயியின் வேலை. அதற்கென்றே தனியாக அதை வைத்திருந்தாள். ஒருநாள் வெற்றிலைக்கும் அதையே மாற்றி எடுத்துவிட்டு, இன்றைக்குப் பாக்கு ஒரு மாதிரியாக இருக்கிறதே என்றபடி முழுசையும் மென்று முடித்தவள்.

முதல் காலைப் பிடித்து, வளைந்துபோன நகத்தை நறுக்கினார்.

"வெட்டப்போற கெடாய்க்கு எதுக்கு மாமா இம்புட்டு அலங்காரம்? மருதாணியும் வச்சு விடுங்க!"

இரண்டாவது கால். மூன்றாவது.

பிறகு பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிடாயின் கழுத்தைத் தடவி முடிச்சைத் தேடினார். ஈரத்தில் அது இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் இளக்க வேண்டியிருந்தது. மஞ்சள் துணி கையோடு வந்தது. அதைப் பிழிந்து வேலியில் காயப்போட்டார், மற்ற துணியைக் காயப்போடுகிற மாதிரி.

"கருப்புக்குக் குடுக்கத் தேவையில்லாமப் போச்சு மாப்ள. இனி இது வெறும் ஆடுதான். வேணும்னா வெல பேசு."

கிடாய் வேலிவரை எட்டிப்போய்த் துணியின் ஒரு நுனியை மெல்ல ஆரம்பித்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை.

அழகுபாண்டி மொபெட்டை அணைத்தான். படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கிடாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

பேரம் பேசவில்லை.

நாலாவது காலைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தான்.